ஆயிரம் என்ற எண்ணும் பாட்டியின் பொன்னியின் செல்வனும்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி இரவு ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிந்து புது வரி விகிதங்கள் அறிவிக்கப்பட்டன. ரெடிமேட் துணிக்கு அதுவரை ஓர் உருப்படி ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம். புது அறிவிப்பின்படி 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. செப்டம்பர் 22 முதல் அமல். அன்றுதான் நவராத்திரி தொடக்கம். அக்டோபர் 20 தீபாவளி. துணிக்கடைக்காரர்களுக்கு வருடத்திலேயே பெரிய வியாபாரம் நடக்கும் நேரம் இதுதான். அந்த நேரத்தில்தான் நான் ஒரு பழைய பில்லிங் மென்பொருளுக்குள் போய் மாட்டிக்கொண்டேன். கூடப் பேச ஆளில்லாமல் தனியாகக் கிடந்து தவித்த அந்த நாட்களைப் பற்றி எழுதி வைத்தால் என்னைப் போலத் தனியாக வேலை பார்க்கும் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

நான் கோவையில் ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறேன். கம்பெனி வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. தெரிந்தவர் ஒருவர் மூலமாக மூன்று கிளைகள் உள்ள ஒரு ரெடிமேட் கடையின் உரிமையாளர் கூப்பிட்டார். சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த பையன் வெளிநாடு போய்விட்டான், போன் போட்டால் எடுப்பதில்லை என்றார். "ஆயிரத்தை ரெண்டாயிரத்து ஐநூறு ஆக்கணும், பன்னெண்டைப் பதினெட்டு ஆக்கணும், அவ்வளவுதானேம்மா. நம்பரை மாத்தற வேலைதானே?" அவர் சொன்னதில் வஞ்சகம் எதுவும் இல்லை. கடைப் பக்கமிருந்து பார்த்தால் அது அவ்வளவுதான். பதினைந்தாயிரம் ரூபாய் பேசி முடித்தோம். அதே வாரம் வந்த இன்னொரு வேலையை, எழுபதாயிரம் ரூபாய் வேலையை, பத்து நாள் கழித்துத் தொடங்கலாமா என்று கேட்டேன். அவர்கள் காத்திருக்கவில்லை, வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் எழுதிய கோடில், அதாவது மென்பொருளின் நிரலில், கை வைக்கும் வேலைக்கு, அந்தக் கோடைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். "முதலில் கோடைக் கொடுங்கள், ஒரு நாள் படித்துப் பார்க்கிறேன், அந்த ஒரு நாளுக்கு இவ்வளவு, அதன் பிறகு மொத்த வேலைக்கு எவ்வளவு என்று சொல்கிறேன்" என்று கேளுங்கள். இப்போது நான் அப்படித்தான் கேட்கிறேன். மறுத்தவர்கள் மிகக் குறைவு. கடைக்காரர்களுக்கும் இது புரிகிறது, அவர்களும் சரக்கைப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. படிக்கிற நாளுக்குக் காசு கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். இந்த வேலையில் பாதிக்கு மேல் படிப்புதான்.

சரி, கோடுக்கு வருகிறேன். பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியது. ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவி கிடையாது. 'நியூ', 'நியூ2', 'ஃபைனல்', 'ஃபைனல் ஒர்க்கிங்' என்று நான்கு ஃபோல்டர்கள். எது கடையில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலை போனது. அப்புறம் 1000 என்று தேடினேன். திரை முழுக்க விடைகள், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. அதில் சில வரி வரம்பான ஆயிரம். சில மில்லி செகண்டைச் செகண்டாக்கும் ஆயிரம். கூரியர் எடையில் கிராமைக் கிலோவாக்குகிற ஆயிரம் ஒன்று. ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் பரிசுக் கூப்பன் என்று எப்போதோ நடந்த திட்டத்தின் ஆயிரம் இன்னொன்று. பில் எண் தொடங்கும் ஆயிரமும் இருந்தது. எல்லாம் ஒரே முகத்தோடு நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து, மேலே கீழே படித்து, இது எந்த ஆயிரம் என்று தீர்மானிக்க வேண்டும். 12 இன்னும் மோசம். வரி 12, மாதம் 12, உள்ளாடை மொத்த விற்பனையில் டஜன் 12. ஓரிடத்தில் '5 சதவீத வரி' என்று மேலே கமெண்ட், அதாவது படிப்பவருக்கான குறிப்பு, இருக்கிறது, கீழே கணக்கில் 12 போடுகிறது. எது சரி? எழுதியவர் மனதில் எது இருந்தது? கேட்க ஆளில்லை.

வரி வரம்பு என்று ஒரே ஒரு இடத்தில் ஒரு பெயரில் வைத்திருந்தால் நிஜமாகவே அது பதினைந்தாயிரம் ரூபாய் வேலைதான். எண்ணுக்கு அர்த்தம் இருந்தால் அதற்கு ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். இரண்டு எண்கள் இன்றைக்கு ஒன்றாக இருப்பதால் அவற்றை ஒரே பெயரில் சேர்த்துவிடவும் கூடாது. கூப்பன் வரம்பும் வரி வரம்பும் ஆயிரமாக இருந்தது தற்செயல். ஒன்றை டெல்லியில் மாற்றுவார்கள், மற்றதைக் கடை முதலாளி மாற்றுவார்.

இதைவிட என்னை உலுக்கியது தொகைகளின் பெயர்கள்தான். அம்ட், அம்ட்1, அம்ட்2, ஃபைனல்அம்ட், ஃபைனல்அம்ட்நியூ. அம்ட் என்றால் அமவுண்ட், தொகை. ஒன்று எம்ஆர்பி, ஒன்று தள்ளுபடி போன விலை, ஒன்று வரியைக் கழித்த விலை. எது எது என்பது ஃபைலுக்கு ஃபைல் மாறுகிறது. உதாரணத்துக்கு 2,700 ரூபாய் குர்தா ஒன்று, 20 சதவீதத் தள்ளுபடி. பில்லில் வரும் விலை 2,160. வரம்பைப் பார்க்க வேண்டியது விற்கிற விலையை வைத்து, ஆகவே 5 சதவீதம். பில் போடும் பகுதி அப்படித்தான் செய்தது. ஆனால் துணியை மாற்ற வருபவர்களுக்கான பகுதி அம்ட்1ஐ எடுத்தது, அங்கே அம்ட்1 என்றால் எம்ஆர்பி. அதே குர்தாவுக்கு அங்கே 18 சதவீதம் வரும். வரம்பு ஆயிரமாக இருந்த காலத்திலும் இந்தத் தப்பு இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குக் கை நடுங்கியது. இன்னும் எத்தனை இப்படி ஒளிந்திருக்கிறதோ, தீபாவளிக் கூட்டத்தில் கல்லாவில் நிற்கிற பெண் பிள்ளைகள் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவார்களே என்று வயிற்றைப் பிசைந்தது. எழுதிய பையன் மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அவனும் என்னைப் போலவே யாரோ அவசரப்படுத்த, இரவில் தனியாக உட்கார்ந்து எழுதியிருப்பான் என்பது பிறகுதான் தோன்றியது.

தூக்கம் போய்விட்டது. இரண்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து, "இன்னும் தூங்கலையா சாமி, அந்தக் கம்ப்யூட்டரை மூடு மொதல்ல" என்றாள். மூடினேன், ஆனால் கண் மூடவில்லை. போனைப் பார்த்தால் இன்னும் படபடப்பு. அலமாரியில் பாட்டி 'கல்கி' இதழிலிருந்து தொடரைப் பிரித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' இருந்தது. மணியத்தின் ஓவியங்களோடு. பள்ளிக்கூடக் கோடை விடுமுறைகளில் அதைத் திண்ணையில் கவிழ்ந்து படுத்துப் படித்திருக்கிறேன். அதன் பிறகு தொட்டதே இல்லை. தாள் பழுப்பேறி, ஓரங்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. சில அத்தியாயங்கள் காணாமல் போயிருந்தன. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, விடுபட்டதை அங்கே படித்துக்கொண்டேன்.

தூக்கம் வருவதற்காக எடுத்த புத்தகம் என் வேலையைப் பற்றிப் பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் அத்தியாயத்தின் பெயர் 'ஆடித் திருநாள்'. முதல் சில பக்கங்களிலேயே எந்த இடம், எந்தக் காலம், யார் வருகிறார், எதைப் பார்க்கிறார் என்பதெல்லாம் தெளிவாகிவிடுகிறது. ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக் கரை, குதிரை மேல் வந்தியத்தேவன். அந்த ஏரிதான் இந்நாளில் வீராணம் என்று வழங்குகிறது என்பதையும் கல்கியே சொல்லிவிடுகிறார். பழைய பெயரும் புதுப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில். பகலெல்லாம் எந்த அம்ட் எந்த அம்ட் என்று தேடிக் களைத்தவளுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய மரியாதையாகத் தெரிந்தது தெரியுமா? இவர் என்னை விட்டுவிட்டுப் போக மாட்டார் என்கிற நம்பிக்கை.

அதற்குக் காரணம் என்ன என்று யோசித்துக்கொண்டே படித்தேன். 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. படிப்பவர் போன வாரம் படித்ததைப் பாதி மறந்திருப்பார். நடுவில் ஒரு வாரம் இதழ் கிடைக்காமல் போயிருக்கலாம். இதை வைத்துக்கொண்டுதான் கல்கி எழுதுகிறார். ஒரு பாத்திரம் இடைவெளி விட்டுத் திரும்பி வந்தால், இவரை எங்கே பார்த்தோம், என்ன நிலையில் விட்டோம் என்று ஒரு வாக்கியத்தில் ஞாபகப்படுத்திவிடுகிறார். சின்ன வயதில் மொத்தமாகப் படித்தபோது இந்த ஞாபகப்படுத்தல்கள் எனக்கு அலுப்பாக இருந்தன, தாவிப் போய்விடுவேன். இப்போது அவைதான் கண்ணில் பட்டன. கோடைப் படிப்பவரும் மறந்துவிட்டுத்தான் வருகிறார். ஆறு மாதம் கழித்து வரும் வேறொருவர், அல்லது ஆறு மாதம் கழித்து வரும் நான். எழுதுகிற நேரத்தில் எல்லாம் நமக்கு மனப்பாடமாக இருப்பதால் அம்ட்1 போதும் என்று தோன்றுகிறது. மறந்துபோனவருக்காக எழுதினால் அம்ட்1 என்று கை வராது. கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1984லேயே, நிரலை மனிதருக்கு விளக்கிச் சொல்லும் எழுத்தாகவே எழுத வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வாதாடினார். கல்லூரியில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். பாட்டியின் பைண்டைப் புரட்டும்போதுதான் மனதில் ஏறியது.

மறுநாளிலிருந்து வேலை செய்யும் விதத்தை மாற்றினேன். எண்களை மாற்றுவதை நிறுத்திவிட்டு முதலில் பெயர்களை மாற்றினேன். எம்ஆர்பி, தள்ளுபடிக்குப் பின் விலை, வரி நீங்கிய விலை என்று மூன்றே பெயர்கள், எல்லா ஃபைலிலும் அதே மூன்று. கிட் போட்டு ஒவ்வொரு பெயர் மாற்றத்தையும் தனித்தனியாகச் சேமித்தேன். பெயர் மாற்றும்போது கணக்கை மாற்றாதீர்கள், கணக்கை மாற்றும்போது பெயரை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் தப்பு எங்கே நுழைந்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கடையின் பழைய பில்களில் சிலவற்றைத் திரும்பப் போட்டு, பைசா மாறாமல் அதே தொகை வருகிறதா என்று பார்த்தேன். வேறு சோதனைகள் எதுவும் இல்லாத கோடுக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை.

கோடில் பெரிய பெரிய ஃபங்ஷன்களை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளை, பிரித்துப் பெயர் வைத்தபோதும் அத்தியாயத் தலைப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. 'குடந்தை சோதிடர்', 'நடுநிசிக் கூட்டம்', 'வேளக்காரப் படை'. பொருளடக்கத்தைப் பார்த்தாலே கதை எங்கே நிற்கிறது என்று பிடிபடுகிறது. ஆனால் 'பல்லக்கில் யார்?' என்றும் ஓர் அத்தியாயம் உண்டு. அது கதைக்கு அழகு, கோடுக்கு ஆகாது. 'பார்த்திபன் கன'வில் அந்தச் சிவனடியார் யார் என்று தெரியாமல் பக்கத்தைப் புரட்டுவது சுகம். பில்லிங் கோடில் ஒரே வாடிக்கையாளர் ஓரிடத்தில் பார்ட்டி, ஓரிடத்தில் கஸ்ட், ஓரிடத்தில் லெட்ஜர் என்று மாறுவேடத்தில் வந்தால் அது சித்திரவதை. கல்கியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது மறந்தவர் மேல் வைத்த அக்கறையை. மர்மத்தை அவரிடமே விட்டுவிடலாம்.

கமெண்ட் விஷயத்திலும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. கடைகளில் ரெடிமேட் விலை பெரும்பாலும் வரி உட்பட. வரி உட்பட 2,625 ரூபாய் என்றால் 5 சதவீதத்தைக் கழித்தால் சரியாக 2,500, பிரச்சினை இல்லை. 2,950க்கு மேல் என்றால் 18ஐக் கழித்தாலும் 2,500க்கு மேல்தான் நிற்கும், அதுவும் பிரச்சினை இல்லை. நடுவில் 2,700 என்று வைத்தால்? 5 சதவீதம் என்று நினைத்துக் கழித்தால் 2,571 வருகிறது, வரம்பைத் தாண்டிவிட்டது, அப்படியானால் 18. 18ஐக் கழித்தால் 2,288 வருகிறது, வரம்புக்குள் இருக்கிறது, அப்படியானால் 5. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். பழைய வரம்பிலும் 1,050க்கும் 1,120க்கும் நடுவில் இதே சிக்கல் இருந்திருக்கிறது. பழைய கோடில் அதற்கென்று ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது, ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அதை வேண்டாத குப்பை என்று அழிக்கப் போய், கடைசி நேரத்தில் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அந்த நிபந்தனைக்கு மேல் இரண்டு வரி எழுதியிருந்தால் எனக்கு ஒரு முழுப் பகல் மிச்சம். கோடு என்ன செய்கிறது என்பதைக் கோடே சொல்லட்டும். ஏன் அப்படிச் செய்கிறது என்பதை மட்டும் கமெண்டில் எழுதுங்கள். கடையின் ஆடிட்டரிடம் கேட்டோம். அந்த நடுவாந்தர விலைகளே வேண்டாம், 2,625க்குக் கீழே இறக்குங்கள் அல்லது 2,950க்கு மேலே ஏற்றுங்கள் என்றார். அப்படியே விலைப் பட்டியலை மாற்றினார்கள். இதையும், யார் எப்போது சொன்னது என்பதையும் கமெண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு முக்கியமான விஷயம், வரி விகிதத்தைத் தேதியோடு வையுங்கள். செப்டம்பர் 20ஆம் தேதி 1,500 ரூபாய்ச் சட்டை வாங்கியவர் 25ஆம் தேதி திருப்பிக் கொடுக்க வருவார். அவருக்குப் பில் போட்ட அன்று இருந்த 12 சதவீதத்தில்தான் கிரெடிட் நோட் (திருப்பிய சரக்குக்கான வரவுச் சீட்டு) போட வேண்டும். 12ஐ அழித்து 18 என்று எழுதிவிட்டால் பழைய பில்லெல்லாம் கெட்டுப்போகும். வரம்பு, விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்று பத்திகளில் ஒரு அட்டவணை போட்டேன். பில் தேதியைக் கொடுத்தால் அதற்குரிய விகிதத்தை எடுத்துத் தரும். உரிமையாளர் முதலில் கேட்டது போல எண்ணை மட்டும் மாற்றியிருந்தால் 22ஆம் தேதி பில் சரியாக வந்திருக்கும், 23ஆம் தேதி ரிட்டர்ன் கவுண்டரில் சண்டை வந்திருக்கும்.

22ஆம் தேதி காலை கடையில்தான் இருந்தேன். இரண்டு கிளைகள் சரியாக ஓடின. மூன்றாவதிலிருந்து கல்லாப் பெண் போன் செய்தாள், "அக்கா, ஆயிரத்து இருநூறு ரூபாய் சுடிதாருக்குப் பன்னெண்டே வருதுக்கா." அந்தக் கிளையின் கணினி மட்டும் இன்னும் 'ஃபைனல்' ஃபோல்டரிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்துப் போய் மாற்றினேன். அந்த இடைவெளியில் போட்ட பில்களை எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்தோம், அவர் சரிசெய்துவிட்டார். மதியத்துக்கு மேல் எல்லாம் அமைதியானது. அதன் பிறகு தீபாவளி வரை பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. அந்த நிம்மதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன்.

பணக் கணக்கு இதுதான்: கையில் வந்தது பதினைந்தாயிரம், கைவிட்டுப் போனது எழுபதாயிரம் ரூபாய் வேலை. கூடுதலாகக் கொடுங்கள் என்று வேலை முடிந்த பிறகு கேட்டேன், பேசினது பேசினதுதானேம்மா என்றார். பிறகு பராமரிப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை பேசிக்கொண்டோம், அதனால் உறவு கெடவில்லை. நீங்கள் இந்த நிலையில் இருந்தால் முடியும் வரை காத்திருக்காமல், குழி எவ்வளவு ஆழம் என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர்களுக்கு நீங்கள் தேவை. துணி மாற்ற வருபவர்களுக்கான அந்தப் பகுதியில் குர்தாவுக்கு 18 வருவதைத் திரையில் காட்டிக் கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் புரியும்.

பொன்னியின் செல்வனை ஐந்து பாகமும் படித்து முடித்தேன். சின்ன வயதில் வந்தியத்தேவன் குதிரை ஏறினால் மட்டும் கண் விரியும், செம்பியன் மாதேவியும் முதன்மந்திரி அநிருத்தரும் வரும் இடங்களை வேகமாகக் கடந்துவிடுவேன். இப்போது அநிருத்தர் வரும் பக்கங்களில்தான் நின்று நின்று படித்தேன். நாலு திசையிலிருந்தும் வரும் சேதிகளை அலட்டாமல் வாங்கிக் கோர்த்துப் பார்க்கிற அந்த நிதானம் இந்த வயதில்தான் பிடிக்கிறது. இப்போது 'சிவகாமியின் சபத'த்தில் இருக்கிறேன். குழந்தையாகப் படித்த புத்தகங்களைத் திரும்ப எடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோடு எழுதுபவர்களிடம் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். நல்ல உரைநடையை ராத்திரி அரைமணி நேரம் படித்துவிட்டுப் படுத்தால், காலையில் நம் கை எழுதும் வரிகளில் எது தடுக்குகிறது என்று காதுக்குத் தெரிகிறது.

கல்கி கதையை முடித்த பிறகு ஒரு முடிவுரை எழுதியிருக்கிறார். சட்டென்று முடிந்துவிட்டது என்று குறைப்பட்ட வாசகர்களுக்காக, யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பொறுமையாகப் பதில் சொல்கிறார். அதைப் படித்த மறுநாள் கடைக்கான ஒப்படைப்புக் குறிப்பை எழுதினேன். எந்த ஃபோல்டர் ஓடுகிறது, மூன்று கிளைகளிலும் எப்படிப் புதுப்பிப்பது, மூன்று விலைகளுக்கும் என்ன அர்த்தம், 2,625க்கும் 2,950க்கும் நடுவில் ஏன் விலை வைக்கக் கூடாது, கூப்பன் வரம்பு எங்கே இருக்கிறது, நான் தொடாமல் விட்ட பகுதிகள் எவை. இரண்டு பக்கம். ஒன்றை அச்சடித்துக் கடை உரிமையாளரின் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், இன்னொன்று கோடின் கூடவே இருக்கிறது. வரி அடுத்த முறை மாறும்போது எந்த அட்டவணையில் ஒரே ஒரு வரிசை சேர்க்க வேண்டும் என்பதை மேலேயே எழுதியிருக்கிறேன்.